றாஹிலா கலந்த தண்ணீர்

சாய்ந்தமருதில் றாஹிலாவின் தையலைக் குறை சொன்னவர்கள் குறைவு. அவள் வாயைக் குறை சொல்லாதவர்கள் அதைவிடக் குறைவு. கல்யாணச் சட்டைக்குத் துணி கொண்டு வருகிற பெண்ணிடம், "இந்தக் கலரையா எடுத்த? உன்ட மாமிட தெரிவா?" என்று கேட்டுவிட்டுத்தான் அளவு நாடாவைக் கையில் எடுப்பாள். அப்பேர்ப்பட்ட மனுசி எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் தொடங்கி ஒருவரோடும் கதைக்காமல் திரிந்தால் ஊர் கவலைப்படாமல் என்ன செய்யும்?

கணவர் முகைதீன்பாவாவுக்குப் புற்றுநோய். முள்ளந்தண்டு வரை பரவிவிட்டது. நோயை மாற்ற வழியில்லை, வலியையாவது அடக்குவோம் என்று டொக்டர் குணம் மோர்பின் கரைசல் ஒரு போத்தல் கொடுத்திருந்தார். ஐந்து வக்துத் தொழுகைக்கும் பாங்கு சொன்னதும் ஒரு மூடி. முதல் மாதம் அந்த ஒரு மூடி அதிசயம் செய்தது. மனுசன் எழும்பி உட்கார்ந்து கஞ்சி குடித்தார், பெண்சாதியைப் பகிடி பண்ணினார்.

பிறகு அதே ஒரு மூடி பாதி நேரம்கூடத் தாங்கவில்லை. அடுத்த பாங்குக்கு வெகு நேரம் இருக்கும்போதே, "இன்னும் கொஞ்சம் தா புள்ள" என்று கை நீட்டினார். ஆயுளில் பீடிகூடத் தொடாத கை. அபின்காரனும் இப்படித்தானே கேட்பான்? போதை பிடித்துவிட்டது என்றே றாஹிலா முடிவு கட்டினாள். மௌத்தாகி உயிர் பிரிகிற நேரத்தில் நாக்கில் கலிமா ஓத வராமல் மயங்கிக் கிடந்து போய்விட்டால் மறுமையில் இவர் கதி என்ன? அந்தப் பயம் அவளைப் பகல் முழுக்கத் தின்றது.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். போத்தலில் பாதி மருந்தைக் கொட்டினாள். குர்ஆனில் யாசீன் ஓதி ஊதிய தண்ணீரால் மீதியை நிரப்பினாள். அது அவளுக்குக் களவாகத் தோன்றவில்லை, மருந்துக்கு மேல் மருந்தாகத்தான் தோன்றியது. மூன்று கிழமை மனுசன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கூடக் கேட்பதையும் விட்டுவிட்டார். ஓதினது பலிக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் அவர் முனகும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்காதபடி தையல் மெஷினை வேகமாக மிதித்தாள்.

ஒரு பின்னேரம் டொக்டர் வந்தார். நோயாளியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

"இவ்வளவு வலியெண்டா ஏன் ஆள் அனுப்பல்ல, தங்கச்சி? மருந்து பழகிட்டுது. இனி ரெண்டு மூடி குடுங்க" என்று புதுப் போத்தலொன்றை வைத்தார்.

"பழகினதெண்டா போதைதானே டொக்டர்?" றாஹிலா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இல்ல. வலி உடம்புக்குக் காவல். மருந்து அத அமத்த, மூளையே பெப்டைட்டு எண்ட சின்னச் சின்னப் புரதத் துண்டுகளச் சுரந்து மருந்துக்கு எதிரா வேலை செய்யுது. நாம கூட்டக் கூட்ட அதுவும் கூட்டுது. எலிகள்ள இப்பதான் பாத்துக்கொண்டிருக்காங்க, இன்னும் முழுசா விளங்கல்ல. ஆனா இவர் கேட்டது ஆசையில இல்ல, வலியில."

றாஹிலா பழைய போத்தலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்டு மட்டும் கவனம்" என்றார் டொக்டர், போத்தலைத் திறந்தபடி. "இடையில குறைச்சுப்போட்டுத் திடீரெண்டு இந்த அளவக் குடுத்திராதீங்க. மருந்து குறைஞ்சா மூளையும் தன்ட எதிர்ப்பக் குறைச்சிரும். பிறகு மூச்சு நிண்டிரும்."

அந்த நேரம் பார்த்து அஸர் பாங்கு சொன்னது. "நானே குடுத்திட்டுப் போறன்" என்று டொக்டர் இரண்டு மூடியைக் கோப்பையில் ஊற்றினார். முகைதீன்பாவா வாயைத் திறந்தார்.

சொன்னால் மூன்று கிழமை கணவரைத் துடிக்கவிட்டது தான்தான் என்று அவருக்கே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவர் மூச்சு நின்றுவிடும். கோப்பை உதட்டைத் தொடப்போனது. றாஹிலா பாய்ந்து டொக்டரின் கையைத் தட்டினாள். மருந்து முழுவதும் படுக்கை விரிப்பில் சிந்தியது.

"பாதிக்குப் பாதி தண்ணி டொக்டர். நான்தான் கலந்த. மூணு கிழமையா."

டொக்டர் கத்தியே விட்டார். பிறகு நெற்றியைத் தடவி, கணக்குப் பார்த்து, புதுப் போத்தலில் இருந்து அரை மூடிக்குக் கொஞ்சம் மேலாக ஊற்றினார். நாளுக்கு நாள் மெல்லக் கூட்டுவோம் என்றார். குடித்த மனுசனின் மூச்சைப் பார்த்துக்கொண்டு கதிரையிலேயே இருந்தார்.

"அவவ ஏசாதீங்க டொக்டர்" என்றார் முகைதீன்பாவா. "தண்ணி கலந்தது முதல் நாளே எனக்குத் தெரியும். கசப்பு குறைஞ்சிட்டே. நானும் எனக்குப் போதை புடிச்சிட்டெண்டுதான் நெனச்சன்."

றாஹிலா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டாள்.

"வலிக்கிதெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்று அழுதாள்.

"சொன்னா நீ கலக்கிறத உட்டிருப்பாய், புள்ள" என்றார் அவர்.