எழுத்தில்லாத தகடு

பேனல்காரருக்கு எழுத்து என்றாலே ஆகாது. படிக்காதவர் இல்லை, எழுதி எழுதி வெறுத்தவர். இந்தத் தொழிலுக்கு வருமுன் ஒரு லிஃப்ட் கம்பெனியில் பொத்தான் பலகை வரைந்துகொண்டிருந்தார். எந்தப் பொத்தான் எங்கே, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உயிரை விட்டார். ஏறியவர்களில் ஒருவராவது இறங்கும்போது, "பொத்தான் இடைவெளி பிரமாதம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! திறக்கும் பொத்தான் என்று மூடும் பொத்தானை அமுக்கிவிட்டு, வரைந்தவனின் வம்சத்தையே திட்டிக்கொண்டு போனார்கள். அத்தனைக்கும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எழுத்தால் காசுக்குப் பிரயோஜனமில்லை என்ற ஞானம் அவருக்குப் பிறந்தது அங்கேதான்.

வேலையை உதறிவிட்டு வந்தவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டவள் தங்கை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், மாடியறையில் சிந்தசைசர் செய்கிறாள். அதன் முகப்புத் தகட்டை, அதாவது பேனலை, வரைவது அண்ணன் வேலை. கீபோர்டு என்று நினைத்துக் கச்சேரிக்குக் கூப்பிட்டுவிடாதீர்கள். இது துண்டு துண்டாக வருவது. ஒரு துண்டு ஓசையை எழுப்பும், இன்னொன்று அதன் கூர்மையை மழுக்கும், வேறொன்று எதிரொலி போடும். ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு சட்டத்தில் வரிசையாகத் திருகி மாட்டி, சாக்கெட்டுக்குச் சாக்கெட் வயர் கொடுத்தால், பழைய ஃப்ரிட்ஜுக்கு ஜலதோஷம் பிடித்தது போல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுக் கண்மூடி உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். உருகி முடித்ததும் உட்கார்ந்து விமர்சனம் எழுதுகிறார்கள். பேனல்காரர் விழுந்தது அந்த விமர்சனத்தில்தான். இடைவெளியைப் பற்றிப் பேசுகிற மனிதர்கள்! இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தார்கள்?

எந்த விமர்சனத்தையும் அவர் தட்டமாட்டார். விரல் இடிக்கிறது என்றால் திருகும் குமிழைத் தள்ளி வைப்பார். எட்டவில்லை என்றால் நெருக்கி வைப்பார். அளவுகோல், தங்கை புருஷனின் கட்டைவிரல். டயர் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையின் அந்த விரல் நுழைகிற சந்தில் உலகத்தில் எவர் விரலும் நுழையும். நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்த மனுஷனை, "மாப்பிள்ளே, அந்தக் கை சும்மாதானே இருக்கு" என்று இழுத்து, இரண்டு குமிழ்களுக்கு நடுவே செருகிப் பார்ப்பார்.

ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான் எழுதினார்: "பேனலில் எழுத்து அதிகம். கரண்டு பில்லைப் பார்ப்பது போல இருக்கிறது."

பேனல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து வந்த துண்டில் எல்லா எழுத்தையும் வழித்துப் போட்டார். பெயர் இல்லை, எண் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. மேலே மூன்று குமிழ், கீழே ஆறு சாக்கெட், நாலு மூலையிலும் திருகாணித் துளை. கழுவித் துடைத்த முகம் போல வெறும் அலுமினியம். சாக்கெட்டைக் கீழே வைத்தது யோசித்துத்தான். அப்போதுதான் வயர்கள் குமிழை மறைக்காமல் தொங்கும். தங்கை அதை மேஜையில் வைத்துப் படம் பிடித்து, "படத்தைப் பார்த்து மாட்டிக்கொள்ளவும்" என்ற குறிப்போடு இணையக் கடையில் போட்டாள். அந்தப் பக்கத்தை அண்ணன் எட்டிப் பார்ப்பதில்லை. கடை அவள் இலாகா, தகடு இவர் இலாகா. விமர்சனத்தை மட்டும் அவள் காகிதத்தில் எடுத்துக் கொடுப்பாள்.

முதல் விமர்சனம் வாடிக்கையாக வாங்கும் ஒரு பல் டாக்டருடையது. அண்ணன் தங்கை வீட்டில் அவருக்குப் பெயர் 'நாலரை'. எதை வாங்கினாலும் ஐந்து நட்சத்திரத்துக்கு நாலரைதான் போடுவார். பெற்ற தாய்க்குப் போடச் சொன்னாலும் அரையைக் குறைத்துவிட்டுக் காரணம் எழுதுவார். இந்த முறை எழுதியிருந்தார்: "ஓசை தேன். ஆனால் சாக்கெட்டை மேலே வைக்கும் துணிச்சல் எப்படி வந்தது? வயர்கள் குமிழ்மேல் திரைச்சீலை போலத் தொங்குகின்றன. குமிழை நேராக மேல்நோக்கி நிறுத்தவும் முடியவில்லை, அது சுழலாத இடம் உச்சியில் இருக்கிறது." அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதே பாட்டைப் பாடினார்கள்.

"சாக்கெட் கீழேதானே இருக்கு?" என்றார் பேனல்காரர்.

"மேலேதாண்ணே இருக்கு. டெஸ்ட் பண்றவ நான். தெனமும் பாக்கறேன்."

"வரைஞ்சவன் நான்."

"வரைஞ்சீங்க, யாரு இல்லேன்னா? கொண்டுபோய் மேல வச்சுட்டீங்க."

"உனக்குக் கண்ணு எங்க இருக்கு? பின்னாலயா?"

"ஊரே சொல்லுது, நீங்க ஒருத்தர் இல்லேங்கறீங்க. அடுத்த லாட்டுக்கு நாளைக்குத் தகடு வெட்டக் குடுக்கணும். சாக்கெட்டைக் கீழ கொண்டு வாங்க. இல்லேன்னா வெளியில வேற ஆளை வச்சு வரைஞ்சுக்கறேன். நீங்க பேக்கிங் பாருங்க."

பேக்கிங்! அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை! பேனல்காரருக்கு அன்று சாதம் இறங்கவில்லை. மாப்பிள்ளை தானாகவே கட்டைவிரலை நீட்டிப் பார்த்தார், அதைக்கூடக் கவனிக்கவில்லை. தான் வரைந்த படத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தார். கீழே இருப்பதை இன்னும் கீழே கொண்டுபோனால் அது தகட்டைத் தாண்டி மேஜையில் போய் உட்காரும்.

மறுநாள் காலையில் நாலரையே நேரில் வந்துவிட்டார், சட்டத்தோடு. அண்ணனும் தங்கையும் வழக்கம்போல ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சட்டத்தை மேஜைமேல் படுக்கவைத்து, பேனல்காரருக்கு நேராகத் தெரியும்படி திருப்பினார். "நீங்களே பாருங்க சார், நான் பொய்யா சொல்றேன்?"

பேனல்காரர் பார்த்தார். மற்ற கம்பெனித் துண்டுகள் எல்லாம் எழுத்தும் எண்ணுமாக நேராக நின்றன. நடுவில் அவருடைய தகடு மட்டும் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கியது.

"அட, மேலதாம்மா இருக்கு!"

எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த தங்கை கத்தினாள்: "இல்லண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. கீழதான் இருக்கு!"

நேற்று வரை அண்ணன் கீழே, தங்கை மேலே. இன்று கட்சி மாறிவிட்டார்கள். சண்டை மட்டும் அப்படியே இருந்தது. டாக்டர் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார், எந்தப் பல்லில் கோளாறு என்று தேடுவது போல.

பேனல்காரர் மெதுவாக எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்த் தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அங்கிருந்து தன்னுடைய இடத்தைப் பார்த்தார். பிறகு தங்கையின் கம்ப்யூட்டரில் முதன்முறையாகக் கடைப் பக்கத்தைப் பார்த்தார். இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எடுத்த படம், அவருக்கு நேராக இருந்த தகடு அதில் தலைகீழாகக் கிடந்தது. வாங்கியவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்து அப்படியே மாட்டியிருக்கிறார்கள். தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு வார்த்தை போதும், தப்பு யார் பக்கம் என்று டாக்டர் முன்னாலேயே நிரூபித்துவிடலாம். பேனல்காரர் வாயைத் திறந்தார்.

"டாக்டர், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. புது டிசைன் தயார். முதல்ல உங்களுக்குத்தான்."

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். நாலு திருகாணியைக் கழற்றினார், தகட்டை அரைச்சுற்றுத் திருப்பினார், திருகினார். உடனே வெளியே போனால் தொழிலுக்கு மரியாதை இருக்காது என்று, உள்ளேயே உட்கார்ந்து நிதானமாக ஒரு டீ குடித்தார்.

"ஆஹா! இது, இது! குமிழ் நேரா நிக்குது பாருங்க!" டாக்டர் சட்டத்தைக் குழந்தை போல அணைத்துக்கொண்டார். "வாங்கறவன் சொன்னாக் கேக்கணும் சார். அதான் பண்பு."

டாக்டர் படியிறங்கிப் போனதும் பேனல்காரர் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"போட்டோ யாரு எடுத்தது?"

"எழுத்தை யாரு அழிச்சது?"

அதற்குமேல் விசாரணை நடக்கவில்லை. தகடு ஒரு துளைகூட மாறாமல் அன்றே வெட்டப் போனது, பேனல்காரர் வரைந்த அதே படத்தோடு. தங்கை போட்டது ஒரே ஒரு நிபந்தனை: எழுத்து வேண்டும். அவர் ஒரு புள்ளி வைப்பதாகச் சொல்லிப் பார்த்தார். தங்கை மசியவில்லை. மயக்க ஊசி போடாமல் பல் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குமிழுக்கும் பெயர் எழுதினார்.

பழைய வாடிக்கையாளர்களுக்கு இலவச மேம்பாடு என்று ஒரு குறிப்பு போனது: நாலு திருகாணியைக் கழற்றவும், தகட்டை அரைச்சுற்றுத் திருப்பவும், மாட்டவும். உதிரிபாகமே இல்லாமல் இப்படி ஒரு முன்னேற்றமா என்று பாராட்டுகள் குவிந்தன. எழுத்துப் போட்ட தகட்டையும் வாங்கிப் பார்த்த நாலரை, வழக்கம்போல நாலரை போட்டார். "அரை குறைந்ததற்குக் காரணம் எழுத்துகள். எது மேலே, எது கீழே என்று பார்த்தாலே தெரிகிற பொருளுக்கு இவை எதற்கு?"

பேனல்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். அவர் நிறைவேற்றாத முதல் விமர்சனம் அதுதான்.

இப்போது இரண்டு நாற்காலியும் மேஜையின் ஒரே பக்கத்தில் கிடக்கின்றன.

"முழங்கை இடிக்குதுண்ணே. இடைவெளி பத்தல."

"இரு," என்று எழுந்தார் பேனல்காரர். "மாப்பிள்ளை சாப்பிட உக்காந்துட்டாரா பாரு."