ஜின்ஜாவுக்கு ஜின்ஜாவே சொன்ன பதில்

நைகாகாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு வகாபி மேல்தான் கோபம் வருகிறது. அவனைத் திட்டாமல் அவள் கதையைச் சொல்ல என்னால் ஆகாது. ஆகும் என்று யாராவது நினைத்தால் அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

ஜின்ஜா ஊரின் பெரிய சந்தைக்குப் பின்னால் பெண்களுக்குத் தலை பின்னிவிடும் கடை என்னுடையது. கடையின் பின்னறையில்தான் இணையத்தில் எங்கள் ஊர் ஃபோரத்தை நடத்தும் குழு உட்காரும். எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வரவில்லை, இன்று மீன் எந்தக் கரையில் இறங்கியது என்று ஊரே அதில் எழுதும். அதற்கான மென்பொருள் நைரோபியில் இருக்கும் ஓர் அறக்கட்டளையுடையது. யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஊருக்கு மாற்றியவள் நைகாகா.

சந்தை மூலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு டைப் அடிக்கும் வேலை. ஊரில் எல்லோருக்கும் வேலைக்கு மனு அடித்துக் கொடுத்தே முப்பது வயதைத் தாண்டியவள், தனக்கென்று ஒன்றுகூட அடித்ததில்லை. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். மென்பொருளோடு வந்த வழிகாட்டி ஆங்கிலத்தில் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. மீன் விற்கிறவளுக்கு அது எதற்கு ஆகும்? அதைத் தள்ளிவைத்துவிட்டு லுசோகா மொழியில் முதல் வரியிலிருந்து தானே எழுதினாள். எழுதிய பக்கத்தை என் கடைக்கு வரும் பெண்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். எங்கே முழிக்கிறார்களோ அந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

திரையின் நிறம், எழுத்து எல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் தீமும் அவள் செய்ததுதான். நைரோபியிலிருந்து வந்த தீமில் வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் எழுத்து. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எவனோ செய்தது. எங்கள் ஆட்கள் வெயிலில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்! மஞ்சள் திரை, தடித்த கறுப்பு எழுத்து, கட்டைவிரல் அகலத்துக்குப் பொத்தான் என்று எல்லாவற்றையும் மாற்றினாள். ஒவ்வொரு நிறத்தையும் போனில் போட்டுக்கொண்டு நடுவெயிலில் போய் நின்று பார்ப்பாள்.

"அடியே, மண்டை காய்ஞ்சிடும், உள்ள வா!" என்று கத்துவேன்.

"இருங்கக்கா, இந்த மஞ்சள் இன்னும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்பாள்.

இவ்வளவும் செய்தவள் பேர் அதில் எங்கே இருக்கிறது என்று தேடினால், எங்குமே கிடையாது. அதற்கும் ஒரு கதை உண்டு. தொடக்கத்தில் குழுவில் இருந்த நாலு பேரும் ஆளுக்கொரு கணக்குத் தொடங்கினோம். நாலும் ஒரே லேப்டாப்பிலிருந்து போனதால், ஒரு மோசடிக்காரன்தான் நாலு பெயர்களில் வருகிறான் என்று நினைத்து மென்பொருள் நாலு பேரையும் வெளியே தள்ளிவிட்டது. பொதுவாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று நைரோபியில் சொன்னார்கள். அப்படி வந்ததுதான் 'ஜின்ஜா' என்ற கணக்கு. எங்களில் யாருக்குச் சிக்கல் வந்தாலும் ஃபோரத்தின் உதவிப் பகுதியில் ஜின்ஜா பேரில் கேள்வி போடுவோம். ஜெராக்ஸ் கடையில் இருக்கும் நைகாகா தன் போனிலிருந்து அதே ஜின்ஜா பேரில் பதில் போடுவாள். வெளியாள் பார்த்தால், பாவம், எவனோ தனக்குத்தானே பேசிக்கொள்கிறான் என்று நினைப்பான். எங்களுக்கு அது பழகிவிட்டது.

முதலில் அவரவர் பேரை அடியில் போட்டுத்தான் எழுதினோம். அதை நிறுத்தியவன் வகாபி. லேப்டாப் அவனுடையது, அதனால் தலைவனும் அவன். "நாம ஒரே குடும்பம், ஒரே குரல். தனித்தனிப் பேரு எதுக்கு?" என்றான். பழைய பதிவுகளிலிருந்தும் பேர்களை எடுக்கச் சொன்னான். பெரும்பாலும் நைகாகாவின் பேர்தான் இருந்தது. அவளே உட்கார்ந்து எடுத்தாள். குடும்பமாம்! குடும்பத்தில் பாத்திரம் கழுவுகிறவள் யார், விருந்தில் முதல் தட்டை வாங்குகிறவன் யார் என்று எனக்குத் தெரியாதா?

ஒருநாள் அறக்கட்டளை ஃபோரத்தில் ஓர் அறிவிப்புப் போட்டது. ஜின்ஜாவின் வழிகாட்டியையும் திரைத் தோற்றத்தையும் போல வேறு எங்கும் கண்டதில்லை, அதைச் செய்தவரை எல்லா ஊர் வழிகாட்டிகளுக்கும் பொறுப்பாளராக நிரந்தர வேலையில் எடுத்துக்கொள்கிறோம் என்று. நைகாகா அதைப் பார்த்துவிட்டு ஓடி வருவதற்குள் ஜின்ஜா பேரில் பதில் போய்விட்டிருந்தது: "அது நான்தான். இப்படிக்கு, வகாபி."

பின்னறையில் அவள் அவன் எதிரே போய் நின்றாள்.

"இதுல எந்தப் பக்கம் நீங்க எழுதினது, ஸ்ஸேபோ?" ஐயா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். குரலில் மரியாதை துளியும் இல்லை.

"தங்கச்சி, கோபப்படாத. நான் உள்ள போனா உன்னை விட்டுடுவேனா?"

"என் வேலைக்கு நான் போறதுக்கு, நீங்க ஏன் முன்னாடி போகணும்?"

"உனக்கு நாலு பேர் முன்னாடி பேச வருமா? டை கட்டினவன்தான் போகணும்மா."

வெட்கங்கெட்டவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சீப்பை உடைத்துவிட்டேன்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள். வகாபி கோட்டு மாட்டிக்கொண்டு ஆற்றோர ஹோட்டல் ஒன்றில் லேப்டாப்போடு உட்கார்ந்தான். நான் கடையில் ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டே நைகாகாவோடு என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அறக்கட்டளையின் செப்கெமோய் அம்மா நல்லபடியாகத்தான் கேட்டார்.

"எழுத்தைப் பெருசு பண்ணினா, சின்னப் போன்ல பதில் எழுதுற பொத்தான் கீழ ஓடி மறைஞ்சிடுது. உங்க தீம்ல அதை எங்க சரி பண்ணியிருக்கீங்கன்னு திரையில காட்டுங்க."

வகாபி திரையைப் பகிர்ந்தான். அங்கே போனான், இங்கே போனான். பிறகு, பழக்க தோஷம், உதவிப் பகுதியைத் திறந்து ஜின்ஜா பேரில் கேள்வி போட்டான்: "பதில் பொத்தான் மறையாமல் இருக்க எங்கே மாற்ற வேண்டும்? அவசரம்." திரையை ஊரே பார்க்கிறது என்பது அவனுக்கு மறந்தே போயிற்று.

என் பக்கத்திலிருந்த நைகாகாவின் போன் கூவியது.

"பதில் சொல்லாதடி, திண்டாடட்டும்!" என்றேன்.

"சொல்லுவேன்க்கா" என்று தட்டினாள். ஜின்ஜா கேட்டதற்குக் கீழே ஜின்ஜாவின் பதில் வகாபியின் திரையில் வந்து விழுந்தது: "வழிகாட்டியில் தீம் பற்றிய பகுதியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. வெயிலில் நின்று நான் எழுதியது. நைகாகா."

வகாபி அதை அழித்தான். அவள் மறுபடி போட்டாள். மறுபடி அழித்தான்.

"மிஸ்டர் வகாபி," என்றார் செப்கெமோய், "உங்க கணக்கு தானே கேள்வி கேக்குது, தானே பதில் சொல்லுது, இப்ப தன்னோடயே சண்டையும் போடுது. யாரு இந்த நைகாகா?"

"எங்க குழுப் பொண்ணு மேடம். கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி. டைப் அடிச்சுக் குடுப்பா. கொஞ்சம் விளையாட்டுப் புத்தி."

டைப் அடிச்சுக் குடுப்பாளாம்! நான் முடியைப் பிடித்து இழுத்த இழுப்பில் நாற்காலியில் இருந்த பெண் அலறிவிட்டாள்.

"அப்படியா? அவங்க சொந்தப் பேர்ல ஒரு கணக்குத் தொடங்கி அதிலிருந்து எழுதட்டும். ரெண்டு பேர் எழுதுறதையும் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று செப்கெமோய் முடித்துவிட்டார்.

அன்றே ஜின்ஜாவின் பாஸ்வேர்டை வகாபி மாற்றிவிட்டான். தான் எழுதியதையே திருத்த முடியாமல் நைகாகா வெளியே நின்றாள். சரி, போகட்டும் என்று ஜெராக்ஸ் கடையிலிருந்து தன் பேரில் புதுக் கணக்குக்கு விண்ணப்பித்தாள். அங்கேதான் அவன் கழுத்தறுத்தான். எங்கள் ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களை அனுமதிக்கும் அதிகாரம் ஜின்ஜா கணக்குக்குத்தான். அந்தக் கணக்கு இப்போது அவன் ஒருவன் கையில். நிராகரி என்ற பொத்தானை அழுத்திவிட்டான். அழுத்தினால் தானாக ஒரு செய்தி போகும். நைகாகா அதை என்னிடம் நீட்டினாள்.

"அன்பு நண்பரே, உங்களை எங்களுக்குத் தெரியவில்லை. உங்களை அறிந்த ஒருவரோடு மீண்டும் வாருங்கள். மனம் வருந்த வேண்டாம்."

"எவன்டி இதை எழுதினவன்?" என்று கத்தினேன்.

"நான்தான்க்கா. வேண்டாம்னு சொன்னாலும் யாருக்கும் மனசு நோகக் கூடாதுன்னு எழுதினேன்." போனை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நல்லாவே நோகுது."

நான் அழுதுவிட்டேன், ஆத்திரத்தில். அவள் அழவில்லை. அந்தச் செய்தியை அப்படியே படம் பிடித்து செப்கெமோயின் மின்னஞ்சலுக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: "கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி என்று உங்களிடம் சொன்னவருக்கு இப்போது என்னைத் தெரியவில்லையாம்."

தன் விரலால் தானே மாட்டிக்கொண்டான் முட்டாள். அழுத்தினால் என்ன செய்தி போகும் என்று அவன் ஒருநாளாவது படித்திருந்தால்தானே? மறுநாள் செப்கெமோய் அழைத்தபோது நைகாகா போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அந்தச் செய்தியில என்ன இருக்குன்னு வகாபிகிட்ட கேட்டேன். அவருக்குத் தெரியல. எழுதினவருக்குத் தெரியாம இருக்குமா? ஜின்ஜா கணக்கை அவர்கிட்டேருந்து எடுத்துட்டோம். வேலை உங்களுக்குத்தான். எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

நைகாகா சிரிக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிட்டேன், மேடம்" என்றாள்.