நான் எழுதிய நேர அட்டவணை

பெருமை அடிக்கிறேன் என்பீர்கள், அடிக்கத்தான் போகிறேன். லண்டனில், ஊருக்கு அழைத்துப் பேச ஆட்கள் வரும் தொலைபேசிக் கடை வைத்திருந்த தமிழர்கள் நாலு பேர், தொண்ணூறுகளில் ஒரு கோடைகாலம், சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் செயலாளர் என் அம்மா. அதன் முதல் நேர அட்டவணையை எழுதியது, ஒன்பது வயதில், நான்.

வவுனியாப் பக்கத்துக் கிராமமொன்றில் ஒரு கடை, அதில் ஒரே ஒரு போன். ஞாயிறானால் எங்கள் வாடிக்கையாளர்களின் உறவினர்கள் அங்கே வந்து காத்திருப்பார்கள். இங்கே நாலு கடையும் ஒரே நேரத்தில் அழைக்க, ஒருவருக்கும் லைன் கிடைக்காது. அதனால் ஆளுக்கொரு மணித்தியாலம் என்று சங்கம் பிரித்தது. ஈஸ்ட் ஹாமில் இருந்த எங்கள் கடைக்குக் கடைசி, காலை பதினொரு மணி. பத்து மணி கோலியர்ஸ் வுட் கடைக்கார மாமாவுக்கு. செயலாளர் பதவி தனக்குக் கிடைக்காத கோபத்தில் அவர் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அக்டோபரில், கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளும் ஞாயிறு வந்தது. லண்டன் தள்ளியது, ஊர் தள்ளவில்லை; எங்கள் பதினொரு மணிக்கு அங்கே வருகிற ஆட்கள் இனி இங்கே பத்து மணியாகும்போதே வந்துவிடுவார்கள். நாலு முதலாளிமாருக்கும் அது நினைவில்லை. எனக்கு மட்டும் எப்படி இருக்கும்?

அன்று ஓர் அண்ணை பத்து மணிக்கே எங்கள் கடைக்கு வந்து குந்தியிருந்தார். தாயின் குரலைக் கேட்டு ஆறு மாதமாம். அப்போதுதான், ஊர்க் கடைக்கு அழைத்துப் பார்த்த அந்த மாமா அம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, உங்கட ஆக்கள் இப்பவே அங்க வந்து நிக்கினமாம். இன்னும் ஒரு மணித்தியாலத்திலை கடைசி பஸ் போயிடும். என்ரை நேரத்தை நீங்கள் எடுங்கோ."

அம்மா உடனே ஊர்க் கடைக்கு அழைத்து, போனை அண்ணையிடம் கொடுத்தார். என் அட்டவணைப்படி அழைத்திருந்தால் அந்தத் தாய் பேசாமலே பஸ் ஏறிப் போயிருப்பார். மாமாவின் கடையில் நின்ற சனம் முறுமுறுத்ததாம். உங்கள் ஆட்கள் அந்த ஊரிலேயே இருப்பவர்கள்தானே, பொறுப்பார்கள் என்று அவர் அடக்கிவிட்டாராம்.

அண்ணை போனைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டனீங்களோ அம்மா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார். இதைக் கேட்கவா இவ்வளவு பாடு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

சுவரில் ஒட்டியிருந்த என் அட்டவணையில் பத்தையும் பதினொன்றையும் அம்மா நீலப் பேனாவால் வெட்டி மாற்றினார். நான் அன்றே புதிதாக ஒன்று, கோடு போட்டு, ஓரத்தில் பூ வரைந்து எழுதிக் கொடுத்தேன். வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். பிறகு சங்கத்தில் சேர வந்த ஒவ்வொரு கடைக்காரருக்கும் வெட்டுக் கிடந்த அந்தத் தாளையே காட்டினார்.

"இதுதான் எங்கட சங்கம்," என்பார்.

என் நல்ல அட்டவணையை அவர் ஒருநாளும் வெளியே எடுக்கவில்லை. வெகுநாள் அவரோடு கோபமாக இருந்தேன்.