விரலிடுக்குத் துணி

கட்டுப் போடும் அறையில் அன்று இருந்தது நாலே பேர். தீபாவளி வெடியில் கையைச் சுட்டுக்கொண்ட என் மகன், அவனைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு நான், நர்ஸம்மா, மூலையில் தன் முறைக்குக் காத்திருந்த ஒரு பெரியவர். நர்ஸம்மா மருந்து தடவினார். பிறகு, கை முழுவதையும் சேர்த்துச் சுற்றாமல், ஒவ்வொரு விரலுக்கும் நடுவே ஒரு துண்டுத் துணியைச் செருகினார். கேள்வி கேட்காமல் என்னால் இருக்க முடியாது. எதற்கு என்றேன்.

"இல்லன்னா விரல் ஒட்டிக்கும்மா. புண்ணு ஓரத்துல இருக்கிற செல்லுங்க ஒண்ணை ஒண்ணு புடிச்சிக்கிட்டே நகர்ந்து வரும். எதிர்ல இன்னொரு செல்லு படுற வரைக்கும் நிக்காது. பட்டா அதோட சேர்ந்துக்கும். அது பக்கத்து விரலுன்னு அதுக்குத் தெரியுமா?"

செல் என்றதும் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் வெங்காயத் தோல் படம் ஞாபகம் வந்தது. அடுக்கிய செங்கல் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் தங்களுக்குள் என்ன செய்துகொள்ளும் என்பது ஒன்பதாம் வகுப்பில் இருந்ததோ என்னவோ. நான் போனது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டுக்கு. அங்கேயும் அடுக்குகிற வேலைதான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் செய்தது பீஸ் கட்டை. அப்போது வீட்டுக்கு வீடு மெயின் போர்டில் இருந்ததே, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை. பளபளப்புப் பூச்சு பூசிச் சூளையில் அடுக்கும்போது சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார். "ஒரு வெரல் இடம் வுட்டு வை" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. தீயில் பூச்சு உருகும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கட்டைகளும் ஒன்றாகிவிடும். ஒட்டினால் இரண்டுக்கும் சேர்த்துக் கூலியில் பிடிப்பார்கள்.

என்னோடு ஜோடியாக வேலை செய்தவர் மேரியக்கா. சூளை பிரிப்பதில் அவருக்கு இருந்த வேகம் யாருக்கும் கிடையாது. விரல் இடுக்குக்கு ஒன்றாகக் கட்டைகளைக் கவ்வி எடுப்பார். "உனக்கு ரெண்டு கைதான்டி, எனக்கு எட்டு" என்று சீண்டுவார். நான் ஒவ்வொன்றாக எடுத்து, அதிலும் ஒன்றைப் போட்டு உடைப்பேன்.

ஒருநாள் லாரி வந்து நிற்கிறது என்று, ஆறாத சூளையைத் திறக்கச் சொன்னார் முதலாளி. முன்வரிசை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. உள்வரிசைக் கட்டை ஒன்று மேரியக்காவின் வலது கை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் பிடித்துக்கொண்டது. உதறினார். விழவில்லை. மறுபடி உதறினார்.

அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகிற தூரம்தான். ஆனால் அங்கே எப்படி ஆனது என்று கேட்பார்களாம். அதனால் முதலாளிக்குத் தெரிந்த கிளினிக். அங்கிருந்த கம்பவுண்டர் மஞ்சள் மருந்தை அப்பி, இரண்டு விரலையும் சேர்த்து ஒரே கட்டாகச் சுற்றினார். ஒவ்வொரு முறை பிரித்தபோதும் அதே மாதிரி சேர்த்தே சுற்றினார்.

கவலைப்படுவதில் நான் குறை வைக்கவில்லை. கத்தரிக்காய் தொடாதே என்றேன், கருவாடு ஆகாது என்றேன். தாடையை இறுக்கிப் பூட்டிவிடும் இசிவு வந்துவிடுமோ என்று தினமும் அக்காவை வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பார்த்தேன். ஊரில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பயந்தேன், அந்த ஒன்றைத் தவிர. தொட்டால் ஒட்டும் என்று தூக்கத்திலும் தெரிந்த எங்களில் ஒருத்திக்கும் அந்தக் கையைப் பார்த்து அது தோன்றவில்லை. சரி, நாங்கள் படிக்காதவர்கள். கிளினிக்கில் கட்டுப் போட்டவருக்குமா தோன்றவில்லை?

கடைசிக் கட்டைப் பிரித்த அன்று நானும் போயிருந்தேன். அக்கா விரல்களை விரிக்கப் பார்த்தார். நுனி மட்டும் அசைந்தது. கம்பவுண்டருக்கோ முகமெல்லாம் திருப்தி.

"தோலு நல்லா மூடிடுச்சே. வேலைக்குப் போவலாம்."

போனார். இடுக்கு மூடிய கையில் எடுக்கும் கட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது, கூலி குறைந்தது. பெருக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பிறகு அதற்கும் வர வேண்டாம் என்றார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அறுத்துப் பிரிப்பார்களாம் என்று நாங்கள் போய்ச் சொன்னோம். பார்க்கலாம் என்றார் முதலாளி. பார்த்துக்கொண்டே இருந்தார்.

மகனை வீட்டில் உட்கார வைத்ததும், திருப்பூரில் மகளோடு இருக்கும் மேரியக்காவுக்குப் போன் போட்டு, பையன் கையைச் சுட்டுக்கொண்டதைச் சொன்னேன்.

"நடுவுல ஒரு துண்டு துணி வச்சிருந்தா போதுமாம்க்கா."

"என்னா துணி?"

"கட்டுத் துணிதான். ஒரு வெரல் அகலம்."

"அவ்வளவுதானா" என்றார். பிறகு, பையனுக்குக் கத்தரிக்காய் போட்டுவிடாதே என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த யூனிட் இருந்த இடத்தில் இப்போது கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். சூளை இல்லை, புகைபோக்கி இல்லை. பீஸ் கட்டையும் வீடுகளிலிருந்து போய்விட்டது. ஒட்டிப்போன ஒவ்வொரு கட்டைக்கும் எங்கள் கூலியில் பிடித்தார்கள். மேரியக்காவின் இரண்டு விரலுக்கு நாங்கள் யாரிடம் பிடிப்பது? போய்க் கேட்க ஒரு வாசலைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.