இரண்டாம் கட்டத்தில் வரவிருந்த படகு

போன கிழமை ஊர்காவற்றுறை இறங்குதுறையில் புதிதாக ஒரு பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். இருபது வருட அபிவிருத்தித் திட்டமாம். கண்ணாடிக் கட்டடங்கள், சைக்கிள் பாதை, தீவுகளைப் பார்க்க ஒரு கோபுரம். வெயிலில் காய்ந்த அதன் பிளாஸ்டிக் மணம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே மணம் அனலைதீவிலும் ஒருதரம் வந்ததுதான்.

அங்கேதான் எனக்கு முதல் நியமனம். படகு வெளிக்கிட முன்னரே குமட்டிச் சத்தி எடுக்கிற ரீச்சர் என்று பெயரெடுத்தவள் நான். கடற்றொழில் செய்த யோசேப்பு அண்ணை வீட்டில் தங்கியிருந்தேன். அவருடைய மனைவி பிலோமினா அக்கா வைக்கும் மீன் சொதிக்காகவே சனி ஞாயிறும் ஊருக்குப் போகாமல் இருந்திருக்கிறேன், நம்புங்கள்.

ஒருநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். திட்ட அதிகாரிகள் இப்படியொரு பிளாஸ்டிக் படத்தை விரித்து, இருபது வருடத்தில் தீவு எப்படி வளர வேண்டும் என்று கேட்டார்கள். பிலோமினா அக்கா எழும்பினார்.

"இருவது வருசம் கிடக்கட்டும் ஐயா. கடைசிப் படகு போனாப் பிறகு ஆருக்கும் வருத்தம் வந்தா என்ன செய்யிறது? ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு படகு தாருங்கோ."

"அது இரண்டாம் கட்டத்தில இருக்கு அம்மா," என்று சொல்லிவிட்டுத் தலைமை அதிகாரி தேத்தண்ணியை எடுத்தார்.

அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில், கடல் கொந்தளித்த ஒரு பின்னேரம், யோசேப்பு அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் சரிந்தார். கடைசிப் படகு போய்விட்டிருந்தது. அவருடைய மீன்பிடி வள்ளத்திலேயே அவரைக் கிடத்தி, அக்காவின் தம்பி ஓட்ட, வெளிக்கிட்டோம். அலை வள்ளத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அக்கா அண்ணையின் கையைப் பிடித்திருந்தார்; அவர் தலை என் மடியில். அண்ணை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சத்தி வரேல்லையே ரீச்சர்?"

அதுதான் அவர் கடைசியாகக் கதைத்தது. கரை தெரிகிற தூரத்தில் என் மடியில் அவர் தலை கனத்துவிட்டது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் வைத்தியர் இழுத்தார்.

அடுத்த வருடமும் கூட்டம் வைத்தார்கள். படமும் புதிது, அதிகாரியும் புதியவர். கறுப்பு உடுத்திருந்த அக்கா, "இரண்டாம் கட்டம் எப்ப ஐயா?" என்று மட்டும் கேட்டார். அது பழைய திட்டம், கைவிட்டாயிற்று, இது வேறு என்று அதிகாரி விளக்கத் தொடங்க, அக்கா வெளியே நடந்தார். சனமெல்லாம் பின்னால் எழும்பிப் போனது, நானும்தான். அதிகாரிகள் வெறுங்கதிரைகளுக்குப் படம் காட்டிவிட்டு, கடைசிப் படகைத் தவறவிடாமல் ஏறினார்கள்.

பிள்ளைகளோடு அக்கா யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு பிள்ளைத்தாச்சிகள், வருத்தக்காரர், வயதுபோன தாய் தகப்பனை வைத்திருந்தவர்கள் என்று வீடு வீடாகப் பூட்டு விழுந்தது. சனம் குறைவு, ஆகவே அவசரப் படகு தேவையில்லை என்று இப்போது சொல்கிறார்களாம். சனத்தைத் துரத்தியது ஆர்? நான் படிப்பித்த வகுப்பறை மூடிக் கிடக்கிறது. அக்காவின் ஒழுங்கையில் அடுப்பு எரிகிற வீடு ஒன்றுகூட இல்லை. படகு கேட்க அங்கே ஆளுமில்லை.