பதினெட்டு அங்குலம்

ஆர்ச்சி முயரின் வயிற்றைப் பற்றிப் பேசாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. எடின்பரோ ரயில் எஞ்சின் ஷெட்டில் அவரைவிட நல்ல டிரைவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கலாம். அவரைவிடப் பெரிய வயிறு யாருக்கும் கிடையாது. அதை வளர்த்தது அவர் மனைவி எஃபி. மாவும் கொழுப்பும் உலர்திராட்சையும் பிசைந்து, துணியில் கட்டி, நாலு மணி நேரம் வேகவைப்பாளே ஒரு டம்ப்ளிங், அதற்காக நானே ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்கமில்லாமல் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன். நான் டாம் லவுரி. பதினோரு வருஷம் ஆர்ச்சியின் எஞ்சினில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்.

எங்கள் எஞ்சினின் பெயர் சாம்பல் நாரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் நீலச் சாயத்தின் வாசனை போகாமல் அவள் ஷெட்டுக்குள் வந்த அன்றே ஆர்ச்சி மனதைப் பறிகொடுத்துவிட்டாராம். அப்போது அவரும் ஒல்லி. போரில் நீலம் போய்க் கறுப்பானாள். சிப்பாய்கள் பிதுங்கும் இருபது பெட்டிகளை இழுத்தாள். போர் முடிந்தபின் பச்சை பூசினார்கள். சாயம் எதுவானாலும் மேடு ஏறும்போது அவள் மூச்சு விடும் விதம் மட்டும் மாறவே இல்லை.

கோடையில் நாரைக்கு நில்லா வண்டி. எடின்பரோவை விட்டால் லண்டன்தான், நடுவில் நானூறு மைல் எங்கும் நிற்காது. பாதி வழியில் ஆட்கள் மட்டும் மாறவேண்டும். முதல் பெட்டியில் காத்திருக்கும் ஜோடி, கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டருக்குள் விட்டிருந்த ஒரு சந்து வழியாக எஞ்சினுக்கு வரும். பழைய ஜோடி அதே வழியில் பெட்டிக்குப் போகும். சந்தின் அகலம் பதினெட்டு அங்குலம். உள்ளே இருட்டு, கரித்தூள், அறுபது மைல் வேகத்தின் ஆட்டம். அதில் நுழைய முடியாதவனுக்கு நில்லா வண்டியில் வேலை இல்லை. அதாவது ஆர்ச்சிக்கு நாரை இல்லை.

ஐம்பத்தாறு ஜூலையில் ஒரு நாள், லண்டனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். யார்க் தாண்டியதும் நான் முதலில் எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆர்ச்சி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் சந்தின் நடுவில், புட்டியில் கார்க் மாதிரி நிற்கிறார்.

அதுவரை ஓட்டிவந்த லண்டன் டிரைவர் சிட் போகாக் சிரித்தான். "என்னய்யா டாம், ஆளை அனுப்பச் சொன்னா பீப்பாயை அனுப்பிட்டாங்களா உங்க ஊர்ல?"

"கொஞ்சம் சும்மா இருங்க சிட்," என்றேன். சிட்டின் வேலை நேரம் முடிந்துவிட்டது. ஆர்ச்சி வராவிட்டால் எங்காவது வண்டியை நிறுத்தியாகவேண்டும். டிரைவர் மாட்டிக்கொண்டதால் நில்லா வண்டி நின்றது என்று மேலே போனால் அவர் கதை முடிந்தது.

சந்துக்குள் ஓடினேன். "மூச்சை வெளிய விடுங்கண்ணே."

"விட்டுட்டேன்டா. இனி விடறதுக்கு உயிர்தான் பாக்கி."

"கோட்டுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?"

கையை விட்டுத் துழாவினேன். துணியில் சுற்றிய டம்ப்ளிங், செங்கல் கனத்தில்.

"திரும்பி வரப்ப சாப்பிடச் சொல்லி எஃபி கொடுத்தாடா. கீழ போட்டுடாத."

அதை உருவியதும் அவர் வந்துவிட்டார், கோட்டில் முன்னும் பின்னும் அகலமாகக் கரி. சிட் டம்ப்ளிங்கில் பாதியைத் தின்றுவிட்டு, "இதுக்காக நானும் மாட்டிக்குவேன்," என்றான். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

எஃபி கோட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு சமையலறையில் இரண்டு நாற்காலிகள் முதுகுக்கு முதுகு நின்றன, நடுவில் அளந்து பதினெட்டு அங்குலம். அதற்குள் புகுந்து வந்தால்தான் ஆர்ச்சிக்குச் சாப்பாட்டு மேஜை.

"நாற்காலி நகர்ந்துச்சு. இன்னிக்கு டம்ப்ளிங் கிடையாது."

"காத்துல நகர்ந்துதுடி."

"ஜன்னல் சாத்தியிருக்கு. உங்க தொப்பையிலேருந்து அடிச்ச காத்தா இருக்கும். டாம், நீ உட்காருப்பா. அவர் பார்த்துக்கிட்டிருக்கட்டும்."

அவரைப் பார்க்க வைத்து நிஜமாகவே தின்றிருக்கிறேன். அவர் இளைக்கவில்லை, மேற்கொண்டு பருக்கவும் இல்லை. ஐந்து கோடைகள் அப்படியே ஓடின. என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான், சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அறுபத்தொன்றோடு நில்லா வண்டி நின்றது. டீசல் வந்துவிட்டது. டீசலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதையும் ஓட்டித்தான் பிழைத்தேன். அந்தக் குளிர்காலத்திலேயே எஃபி நிமோனியாவில் போய்விட்டாள். ஆர்ச்சி பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். தனக்கென்று அவர் சமைத்துச் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

அறுபத்துமூன்று அக்டோபரில் நாரையை உடைக்க அனுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவரை ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் குளிர்ந்து கிடந்தாள். ஆர்ச்சி நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர் பிடியைத் தொடக்கூட இல்லை. "ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்டா," என்று சந்துக்குள் நுழைந்தார். பக்கவாட்டில் திரும்பாமல், நேராக நடந்தார். அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வெளிச்சத்துக்கு வந்து நின்றார்.

"கோட்டுல கரி ஒட்டியிருக்கா பாரு."

முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். "இல்லண்ணே. ஒரு பொட்டு இல்ல."

தலையாட்டினார். பிறகு மறுபடியும் உள்ளே போனார். சந்தின் கரி படிந்த சுவரில் முதுகை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். திரும்பி நின்று, இல்லாத வயிற்றையும் தேய்த்துக்கொண்டார்.

பஸ்ஸில் எல்லோரும் அவர் கோட்டையே பார்த்தார்கள். வீடு போய்ச் சேரும்வரை அதை அவர் தட்டிவிடவில்லை.