கையெழுத்துக்கு முன் ஒரு வேலை

செவிலிமேட்டில் உள்ள முதியோர் இல்லத்துக்கு என்னை டிரஸ்டியாகச் சேர்ப்பதாகச் சொன்னார்கள். சால்வை, குரூப் போட்டோ எல்லாம் இருக்கும் என்று நினைத்துப் பட்டுச் சட்டையில் போனேன்.

இல்லத்தை நடத்தும் பாய் சரிகை வியாபாரி. "சார், இங்க டிரஸ்டின்னா முதல்ல ஒரு வேலை இருக்குது. கையெழுத்து அப்புறம்தான்" என்றார்.

வாசலில் பாடை தயாராக இருந்தது. காலையில் அங்கே ஒரு மூதாட்டி இறந்திருந்தார். இதே ஊரில் இருக்கும் மகன் போனை எடுக்கவில்லையாம்.

பாலாற்றங்கரைச் சுடுகாடு வரை நானும் தோள் கொடுத்தேன். விறகு அடுக்கியவர், "கொள்ளி யாருபா வெக்கறது?" என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா உசுரோட இருக்காங்க பாய். நான் வெக்கக் கூடாது."

"சரி சார், கட்டாயம் ஒண்ணும் இல்ல."

தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவரே கொள்ளியை வாங்கி வைத்தார். திரும்பும் வழியில் கையெழுத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தனக்காக மகன் இவ்வளவு பார்த்தானே என்று சந்தோஷப்படுவாள் என நினைத்தேன். அவள் கேட்டது இதுதான்:

"ஏம்பா, நான் உசுரோட இருக்கறதுதான் உனக்குச் சாக்கா?"

மறுநாள் போய், பாயிடம் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். இப்போது புதிதாக டிரஸ்டியாகச் சேர வருகிறவர்களைச் சுடுகாட்டுக்கு அழைத்துப் போவது என் வேலை. அங்கே போனதும் சிலர் ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். நான் அவர்களிடம் வாதாடுவதில்லை. அவர்கள் சொல்லும் காரணத்தை அவர்களுக்கு முன்பே பாயிடம் சொன்னவன் நான்.